மடிக்கணினி: தேவையறிந்து தேர்தல்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வியை முடித்துக் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவருக்கு மடிக்கணினி இன்று ஏடும் எழுதுகோலும் போன்ற கருவியாகிவிட்டது. ஆயினும் அதன் விலை ஏட்டின் விலையன்று. பல குடும்பங்களில் அது பெற்றோரின் பல மாதச் சேமிப்பு; சில குடும்பங்களில் வட்டிக்கு வாங்கிய கடன். அத்தொகையை ஒருமுறைதான் செலவிட இயலும் என்னும் நிலையில், விளம்பரத்தையும் வண்ணத்தையும் கடந்து பொருளின் தன்மையை ஆராயும் அறிவு இன்றியமையாததாகிறது.

விலையும் அடக்கமும்

ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது, ஆவது, பின்னர் விளையும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பது திருக்குறளின் ‘தெரிந்துசெயல்வகை’ அதிகாரம் கற்பிக்கும் நெறி. மடிக்கணினி வாங்குவதற்கும் இந்நெறி பொருந்தும். கடையில் எழுதப்பட்டிருக்கும் விலை, அழிவது மட்டுமே. அப்பொருள் எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் உண்மையான அடக்கம் விளங்கும்.

எடுத்துக்காட்டாக, 30,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி இரண்டே ஆண்டுகளில் பயனற்றுப்போனால் ஆண்டொன்றுக்கு 15,000 ரூபாய் செலவாகிறது. 42,000 ரூபாய்க்கு வாங்கிய கணினி ஐந்து ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு 8,400 ரூபாய்தான். எனவே, குறைந்த விலைப்பொருளே சிக்கனமான பொருள் என்று கொள்வதற்கில்லை. அதேவேளை, 42,000 ரூபாய் திரட்ட இயலாத மாணவருக்கு இக்கணக்கு மட்டும் உதவாது. 21,000 ரூபாய்க்கு நல்ல நிலையிலுள்ள பழைய கணினி ஒன்றை வாங்கி, 3,000 ரூபாயில் மின்கலத்தை மாற்றி, மூன்று ஆண்டுகள் பயன்படுத்தினால் ஆண்டுச் செலவு 8,000 ரூபாயாகிறது. குறைந்த பணத்திலும் வழி உண்டு. அவ்வழியில் செல்வோருக்குக் கூடுதல் கவனம் தேவை.

தேவையை வரையறுத்தல்

கடைக்குச் செல்லுமுன் தீர்மானிக்கவேண்டியது கணினியின் பெயரன்று. அதனால் செய்யவேண்டிய பணி. கலை, வணிகவியல் பாடங்களைப் பயில்வோருக்குக் கட்டுரை எழுதுதல், அட்டவணைக் கணக்கு, இணையவழி வகுப்பு ஆகியவையே முதன்மைப் பணிகள். நிரலாக்கம் பயில்வோருக்கு நினைவகம் கூடுதலாகத் தேவை. பொறியியல் வரைபடம், காணொலித் தொகுப்பு ஆகியவற்றைப் பயில்வோருக்கு ஆற்றல்மிக்க செயலியும், சில வேளைகளில் தனி வரைகலை அட்டையும் தேவைப்படும். பாடத்துறை இன்னும் முடிவாகாத மாணவர், கல்லூரியில் சேர்ந்து பாடத்திட்டத்தை அறிந்தபின் வாங்குவதே நன்று. தேவைக்கு மேற்பட்ட ஆற்றலுக்குக் கொடுக்கும் பணமும் வீண். தேவைக்குக் குறைந்த கணினிக்குக் கொடுக்கும் பணமும் வீண்.

செயலி: பெயரும் எண்ணும்

கணினியின் கணக்கிடும் உறுப்பு செயலி. ‘ஐ3’, ‘ஐ5’, ‘ரைசன் 3’, ‘ரைசன் 5’ என்னும் பெயர்களை மட்டும் கேட்டு விலை பேசுவோர் பலர். பெயர் வகுப்பைக் காட்டும், தலைமுறையைக் காட்டாது. ‘கோர் ஐ5-1235யு’ என்னும் எண்ணில் முதலிரு இலக்கங்களான 12 என்பது பன்னிரண்டாம் தலைமுறையைக் குறிக்கும். இறுதியிலுள்ள ‘யு’ என்னும் எழுத்து குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வகையையும், ‘எச்’ என்னும் எழுத்து மிகுந்த ஆற்றலுடன் இயங்கும் வகையையும் சுட்டும். பழைய தலைமுறை ஐ5 செயலியைக் காட்டிலும் புதிய தலைமுறை ஐ3 செயலி விரைவாக இயங்குவது உண்டு.

எண்களும் ஏமாற்றக்கூடும். ‘ரைசன் 5 7520யு’, ‘ரைசன் 5 7530யு’ ஆகிய இரண்டும் உடன்பிறப்புகள்போலத் தோன்றும். இவ்வரிசையில் மூன்றாம் இலக்கமே உட்கட்டமைப்பை உணர்த்துவது. முன்னது, 2019ஆம் ஆண்டு அறிமுகமான ‘ஜென் 2’ கட்டமைப்பில் நான்கு உள்ளகங்களைக் கொண்டது. பின்னது, அதற்கடுத்த ‘ஜென் 3’ கட்டமைப்பில் ஆறு உள்ளகங்களைக் கொண்டது. ஓர் இலக்கத்தைக் கவனியாமல் விடுவதால் நேரும் இழப்பு இது. ஆகவே, செயலியின் முழுப்பெயரையும் எழுதிக்கொண்டு, அதை உருவாக்கிய நிறுவனத்தின் இணையதளத்தில் விவரங்களை ஒப்புநோக்குதல் வேண்டும்.

நினைவகமும் சேமிப்பகமும்

‘ரேம்’ எனப்படும் தற்காலிக நினைவகம் மாணவரின் மேசை போன்றது. சேமிப்பகம் அவருடைய அலமாரி போன்றது. மேசை சிறிதாயின் ஒவ்வொரு நூலுக்கும் எழுந்து அலமாரிக்குச் செல்லவேண்டும். நினைவகம் குறைந்த கணினி மெதுவாக இயங்குவதற்கும் காரணம் இதுவே. இன்றைய இயக்க அமைப்புகளோடு பல இணையப் பக்கங்களையும் திறந்துவைத்துப் பணியாற்ற 4 ஜி.பி. போதாது, 8 ஜி.பி. இருத்தல் வேண்டும், நிரலாக்கத்திற்கும் காணொலித் தொகுப்பிற்கும் 16 ஜி.பி. நன்று. தனி வரைகலை அட்டை இல்லாத கணினிகளில் திரைக்காட்சிக்கென நினைவகத்தின் ஒரு பகுதி ஒதுக்கப்படுவதையும் கருதவேண்டும்.

சில கணினிகளில் நினைவகச் சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பின்னாளில் அளவைக் கூட்ட இயலாது. மாற்றத்தக்க இடம் உள்ள கணினியில் இன்று 8 ஜி.பி. உடன் தொடங்கி, பணம் கிடைக்கும்போது மேலும் 8 ஜி.பி. சேர்க்கலாம். குறைந்த பணத்தில் வாங்குவோர் விற்பனையாளரிடம் தவறாது கேட்கவேண்டிய வினா இது.

சேமிப்பகத்தில் சுழலும் தட்டைக் கொண்ட வன்தட்டு, அசையும் உறுப்புகளற்ற ‘எஸ்.எஸ்.டி.’ என இருவகை உண்டு. வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 100 எம்.பி. அளவில் தரவைப் படிக்கும். எளிய வகை எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 500 எம்.பி. அளவில் படிக்கும். இதைவிடப் பன்மடங்கு விரைவான வகைகளும் உள்ளன. இயங்கிக்கொண்டிருக்கும்போது கீழே விழுந்தால் வன்தட்டு பழுதாகும் வாய்ப்பு மிகுதி; பேருந்தில் நாள்தோறும் கணினியைச் சுமந்து செல்லும் மாணவருக்கு இது முக்கியமான வேறுபாடு. பழைய கணினியொன்றில் வன்தட்டை அகற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தினாலே அதன் விரைவு வியக்கத்தக்க அளவில் கூடும். மிகக் குறைந்த விலைக் கணினிகளில் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்ட 64 ஜி.பி. அளவிலான சேமிப்பகம் இருப்பதுண்டு. இயக்க அமைப்பும் அதன் புதுப்பிப்புகளுமே அவ்விடத்தின் பெரும்பகுதியை நிரப்பிவிடும்.

தெரிந்து தெளிவோம்

512 ஜி.பி. எனக் குறிக்கப்பட்ட சேமிப்பகத்தைக் கணினி ஏறத்தாழ 476 ஜி.பி. என்றே காட்டும். இது குறைபாடன்று. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளில் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் 1024இன் மடங்குகளில் கணக்கிடுகிறது.

திரை, விசைப்பலகை, உடற்கட்டு

வேகத்தை ஆராயும் பலர், நாளெல்லாம் கண்ணும் கையும் படும் உறுப்புகளை ஆராய்வதில்லை. 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையைக் காட்டிலும் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை ஏறத்தாழ இருமடங்குப் புள்ளிகளைக் கொண்டது. எழுத்துகள் தெளிவாகத் தெரியும். ‘ஐ.பி.எஸ்.’ வகைத் திரை பக்கவாட்டிலிருந்து நோக்கினும் நிறம் மாறாது காட்டும்.

மடிக்கணினியில் விரைவில் பழுதாகும் பகுதிகளுள் ஒன்று திரையையும் அடிப்பகுதியையும் இணைக்கும் கீல். கடையில் திரையை மெல்லத் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். அது தளர்ந்து ஆடுதலும் கூடாது, மிகை இறுக்கத்தால் அடிப்பகுதியை இழுத்தலும் கூடாது. விசைகளை அழுத்தும்போது பலகை நடுவில் குழிகிறதா என்றும் நோக்கவேண்டும். வெப்பக்காற்று வெளியேறும் துளைகள் மடியிலோ மெத்தையிலோ அடைபடாதவாறு அமைந்திருப்பது நம் வெப்பநாட்டிற்கு ஏற்றது.

மின்கலத்தின் கணக்கு

“பத்து மணிநேரம் நீடிக்கும்” என்னும் விளம்பரத்தைவிட மின்கலத்தின் வாட்-மணி அளவே நம்பத்தக்கது. 40 வாட்-மணி கொண்ட மின்கலத்தை, மணிக்குச் சராசரியாக 8 வாட்-மணி செலவிடும் கணினியில் பயன்படுத்தினால் ஐந்து மணிநேரம் நீடிக்கும். திரையின் ஒளியைக் கூட்டினாலோ காணொலி கண்டாலோ அந்நேரம் குறையும். இலித்தியம் அயனி மின்கலம் சில நூறு முறை மின்னேற்றம் பெற்றபின் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழப்பது இயல்பு. ஆகவே, மின்கலத்தை எளிதில் மாற்ற இயலுமா, மாற்று மின்கலம் ஊரில் கிடைக்குமா என்பவற்றை வாங்கும்போதே அறிந்துகொள்ளவேண்டும்.

மின்கலமும் மின்னேற்றியும் பாதுகாப்போடு தொடர்புடையவை. மடிக்கணினி, மின்னேற்றி ஆகியவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்திற்கு உட்பட்டவை. ‘ஆர்’ என்னும் எழுத்துடன் தொடங்கும் பதிவெண் பொறிக்கப்பட்டிருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். குறியீடற்ற மலிவான மின்னேற்றி, கணினியைப் பழுதாக்குவதோடு தீ விபத்துக்கும் வழிவகுக்கக்கூடும்.

புதியதா, பழையதா?

அலுவலகங்களில் சில ஆண்டுகள் பயன்பட்டபின் விற்பனைக்கு வரும் கணினிகள், குறைந்த பணமுள்ளோருக்கு நல்வாய்ப்பு. ‘திங்பேட்’, ‘லேட்டிடியூட்’, ‘எலைட்புக்’ போன்ற அலுவலக வரிசைகள் உறுதியான உடற்கட்டும் எளிதில் மாற்றத்தக்க உறுப்புகளும் உடையவை. சென்னை அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெரு இத்தகைய வணிகத்திற்குப் பெயர்பெற்றது.

பழைய கணினியில் ஆராயவேண்டியவை சில. இயக்க அமைப்பு தரும் மின்கல அறிக்கையில் தொடக்கக் கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் ஒப்பிடவேண்டும். ஒவ்வொரு விசையையும் ஒவ்வொரு துளையையும் இயக்கிப் பார்க்கவேண்டும். தொடக்க அமைப்பில் பழைய உரிமையாளரின் கடவுச்சொல் பூட்டு இல்லை என உறுதிசெய்யவேண்டும். வரிசை எண் குறிப்பிட்ட இரசீதைப் பெறவேண்டும். இரசீதற்ற பொருள் களவுப் பொருளாகவும் இருக்கக்கூடும்.

செயலியின் தலைமுறையும் இங்கு முக்கியமானது. விண்டோஸ் 10 இயக்க அமைப்பிற்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோஸ் 11, இன்டெல் செயலிகளுள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்தே முறைப்படி ஏற்கிறது. அதற்கு முந்தைய கணினி மிக மலிவாகக் கிடைப்பின், அதில் லினக்ஸ் இயக்க அமைப்பைப் பயன்படுத்தும் எண்ணத்துடன் வாங்கலாம். சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ உட்படப் பல லினக்ஸ் வகைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ‘லிப்ரே ஆபீஸ்’ போன்ற கட்டற்ற மென்பொருள்கள் எழுத்துப்பணிக்கும் கணக்குப்பணிக்கும் போதும். எனினும், பாடத்திட்டம் வேண்டும் மென்பொருள் லினக்ஸில் இயங்குமா என்பதை முன்னரே உறுதிசெய்தல் நன்று.

தெரியுமா?

1981ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ‘ஆஸ்போர்ன் 1’ என்னும் கையடக்கக் கணினியின் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரை 5 அங்குலம். அதில் மின்கலம் இல்லை. தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

உத்தரவாதமும் உரிமையும்

நம்பகமான கணினியும் பழுதாகலாம். பழுதானபின் நிகழ்வதையும் எண்ணிப் பார்ப்பதே முழுமையான தேர்வு. புதிய கணினிகளுக்குப் பொதுவாக ஓராண்டு உத்தரவாதம் உண்டு. பழுதுபார்ப்பவர் வீட்டிற்கு வருவாரா, கணினியைச் சேவை மையத்திற்குக் கொண்டுசெல்லவேண்டுமா, அம்மையம் மாவட்டத்திலேயே உள்ளதா என வினவவேண்டும். கீழே விழுதல், நீர் சிந்துதல் ஆகியவை பொதுவான உத்தரவாதத்தில் அடங்கா.

இரசீது என்பது வெறும் தாளன்று, உரிமைக்கான சான்று. குறையுள்ள பொருளை விற்று மாற்றித்தர மறுத்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 துணைநிற்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீர்வு கிட்டாதபோது, சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாடலாம். விற்றவர் எவ்வூரினராயினும், நுகர்வோர் தாம் வாழும் மாவட்டத்திலேயே முறையிட இச்சட்டம் இடமளிக்கிறது. ஐந்து இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு முறையீட்டுக் கட்டணம் இல்லை.

பேணுதலும் சிக்கனமே

வாங்கியதோடு பொறுப்பு முடிவதில்லை. காற்றுத் துளைகளில் தூசு படியாமல் காத்தல், திரையின் ஒரு மூலையைப் பற்றித் தூக்காதிருத்தல், புதுப்பிப்புகளை ஒத்திப்போடாதிருத்தல், முக்கியக் கோப்புகளுக்கு வேறோரிடத்தில் படியெடுத்து வைத்தல் ஆகியவை கணினியின் ஆயுளையும் மாணவரின் உழைப்பையும் காக்கும். ஓராண்டு கூடுதலாக உழைக்கும் கணினி, வீட்டின் செலவைக் குறைப்பதோடு மின்னணுக் கழிவையும் குறைக்கிறது. விற்பவர் சொல்வதைக் கேட்டு வாங்குவோர் பொருளை மட்டும் பெறுகின்றனர்; கேட்கவேண்டியவற்றை அறிந்து வாங்குவோர், பெற்றோரின் உழைப்புக்கு உரிய மதிப்பையும் அளிக்கின்றனர்.

கற்பவை கற்றபின்

1. கல்லூரியில் பயில விரும்பும் பாடத்துறைக்குத் தேவையான மடிக்கணினியின் இயல்புகளைப் பட்டியலிடுக.

2. இரண்டு மடிக்கணினிகளின் விலை, எதிர்பார்க்கும் ஆயுள் ஆகியவற்றைக் கொண்டு ஆண்டுச் செலவைக் கணக்கிட்டு வகுப்பறையில் உரையாடுக.

3. பழைய கணினி வாங்கும் நண்பருக்கு ஆராயவேண்டியவற்றை விளக்கிக் கடிதம் எழுதுக.

4. இக்கட்டுரையில் இடம்பெற்ற கணினித் தமிழ்ச்சொற்களைத் தொகுத்து அகரவரிசைப்படுத்துக.