கசிவு: ஆண்கள் பேசாத அவஸ்தை

புராஸ்டேட் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் பலர் சிறுநீர்க் கசிவுக்குப் பயந்து வீட்டோடு முடங்கிவிடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை என்கிறது மருத்துவம்.

நோயாளி வாய் திறப்பதற்கு முன்பே அடையாளங்கள் தெரிய ஆரம்பித்துவிடும். தினமும் பூங்காவுக்குப் போகிறவர் போவதை நிறுத்திவிடுவார். கல்யாணங்களுக்கு மனைவி மட்டும் போவார். ரயிலில் இடம் பிடித்தால் கழிப்பறைப் பக்கம்தான் வேண்டும் என்பார். வெள்ளை வேட்டியும் பைஜாமாவும் பீரோவுக்குள் போய், கறுப்பு பேண்ட் வெளியே வரும். விசாரித்தால் "உடம்பு சரியில்லை" என்ற இரண்டு வார்த்தையோடு பேச்சு முடிந்துவிடும்.

உண்மையில் உடம்பு தேறிவிட்டது. புற்றுநோய் அகற்றப்பட்டுவிட்டது, ரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கிறது. ஆனால் இருமினால், தும்மினால், நாற்காலியிலிருந்து எழுந்தால் உள்ளாடை நனைகிறது. உயிரைக் காப்பாற்றிய டாக்டரிடம் இதைப் போய்ப் புகாராகச் சொல்வதா என்று தயங்கியே பலர் மாதக்கணக்கில் மௌனமாக இருந்துவிடுகிறார்கள்.

இது ஏதோ அபூர்வமான சிலரின் பிரச்னை அல்ல. டில்லி, கல்கத்தா, புனே, திருவனந்தபுரம் போன்ற நகரங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் புராஸ்டேட் இரண்டாம் இடம் வரை வந்திருக்கிறது. ஆயுள் கூடக் கூட இந்த நோயும் கூடுகிறது, சிகிச்சைக்குப் பின் வாழ்கிறவர்களின் எண்ணிக்கையும் கூடுகிறது.

கசிவு ஏன் வருகிறது? புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கும் நெல்லிக்காய் அளவுச் சுரப்பி. சிறுநீரை அடக்கிவைக்க ஆணுக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று சிறுநீர்ப்பையின் வாயில், மற்றது புராஸ்டேட்டுக்குக் கீழே. சுரப்பியை முழுதாக அகற்றும்போது மேல்பூட்டு பெரும்பாலும் பலமிழந்துவிடுகிறது. அதுவரை துணைக்கு இருந்த கீழ்ப்பூட்டு திடீரென்று முழுப் பொறுப்பையும் சுமக்கவேண்டி வருகிறது. ரோபோ உதவியுடன் செய்யும் ஆபரேஷன் வந்த பிறகும் இந்தச் சிக்கல் ஒழிந்துவிடவில்லை.

கதிர்வீச்சு பெற்றவர்களின் கதை வேறு. அங்கே சிறுநீர்ப்பை எரிச்சலடைகிறது. உந்துதல் வந்தால் கழிப்பறை வரை தாங்காது. சிகிச்சை முடிந்து வருடங்கள் கழித்தும் இது தலைகாட்டலாம். இந்த வகைக்குச் சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் உண்டு. எனவே இருமும்போது கசிகிறதா, அவசரமாக வரும்போது கசிகிறதா என்று கவனித்துச் சொன்னால் டாக்டரின் வேலை பாதி முடிந்தது.

ஆபரேஷன் ஆனவர்களுக்கு நல்ல செய்தி, காலம் அவர்கள் பக்கம் இருக்கிறது. ஓரிரு வாரங்களில் குழாயை எடுத்தவுடன் அநேகமாக எல்லோருக்கும் கசியும். முதலில் இரவில் ஈரம் நிற்கும், பிறகு காலை நேரத்தில். மாலையில் தசை களைத்துவிடுவதால் அந்த நேரக் கசிவுதான் கடைசியில் போகும். மூன்று முதல் ஆறு மாதங்களில் பலர் தேறிவிடுகிறார்கள், இன்னும் சிலருக்கு ஒரு வருடம் ஆகிறது.

அந்தக் காலத்தைச் சுருக்குவதுதான் பயிற்சி. அமெரிக்க மகளிர் மருத்துவ நிபுணர் ஆர்னால்டு கீகல் 1948இல் பிரசவத்துக்குப் பிந்தைய கசிவுக்காக எழுதிய இடுப்படித் தசைப் பயிற்சி இன்று ஆண்களுக்கும் கைகொடுக்கிறது. யோகாசனத்தில் மூலபந்தம் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வாயுவை அடக்குவதுபோலவும், சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதுபோலவும் உள்ளே இழுக்கவேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்து, அதே நேரம் தளர்த்தவேண்டும். பத்து முறை, தினம் மூன்று வேளை. பழகியபின் பத்து எண்ணும் வரை நீட்டலாம்.

வயிறு, தொடை, பிருஷ்டம் இறுகினால் பயிற்சி தப்பு. மூச்சைப் பிடிக்கக்கூடாது. சிறுநீர் கழிக்கும்போதே தினமும் இதைப் பழகுவதும் கூடாது. முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்றபடி செய்யலாம். இருமுவதற்கும் எழுவதற்கும் ஒரு நொடி முன் தசையை இறுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வெற்றி. ஆபரேஷனுக்கு முன்பே கற்றுக்கொள்வது உத்தமம். குழாய் உள்ளே இருக்கும் நாட்களில் மட்டும் நிறுத்திவைக்கவேண்டும். சரியான தசையைப் பிடிக்கத் தெரியாதவர்களுக்கு பிஸியோதெரபிஸ்ட் உதவுவார்.

பலரும் செய்யும் தப்பு, தண்ணீரைக் குறைப்பது. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சலடையும். குறைக்கவேண்டியவை டீ, காப்பி, மது. மலச்சிக்கல், தொந்தி, சிகரெட் இருமல் மூன்றும் கசிவுக்குக் கூட்டாளிகள். எதற்கும் இருக்கட்டும் என்று அரைமணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போனால் சிறுநீர்ப்பை கொஞ்சம் கொள்ளவும் மறந்துவிடும்.

வெளியே போக வழிகள் இருக்கின்றன. லேசான கசிவுக்கு ஆண்களுக்கென்றே வடிவமைத்த சிறு பேட் போதும், டயாப்பர் தேவையில்லை. நீண்ட பயணத்துக்குக் காலில் கட்டும் பையுடன் இணைந்த, ஆணுறை போன்ற உறை உண்டு. குறியை மென்மையாக அழுத்தும் கிளிப்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கழற்றவேண்டும், இரவில் போடவே கூடாது. ஈரம் பட்ட தோலைக் கழுவித் துடைக்காவிட்டால் புண்ணாகிவிடும்.

ஆறு மாதங்கள் ஆகியும் முன்னேற்றம் இல்லை, கசிவும் கடுமை என்றால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம். ஒரு வருடத்துக்குப் பின்னும் தொல்லை தருமானால் பேசியே ஆகவேண்டும். குறைந்த கசிவுக்கு, குழாயைத் தாங்கிப் பிடிக்கும் வலைப்பட்டை. கடும் கசிவுக்குச் செயற்கைப் பூட்டு. 1970களில் அமெரிக்காவில் உருவான இந்தக் கருவியில் குழாயைச் சுற்றி ஒரு வளையம், விதைப்பையில் ஒரு பம்ப், வயிற்றுக்குள் ஒரு நீர்ப்பை. பம்பை அழுத்தினால் வளையம் திறக்கும், சில நிமிடங்களில் தானே மூடிக்கொள்ளும். விலை அதிகம். இயந்திரமாதலால் சில வருடங்களில் பழுதாகி மாற்றவேண்டியும் வரலாம். இது பொருத்தியவர் பிற்பாடு எந்த மருத்துவமனைக்குப் போனாலும், சிறுநீர்க் குழாய் நுழைக்கும் முன் அதைச் சொல்லியாகவேண்டும்.

காய்ச்சல், எரிச்சல், ரத்தம், சிறுநீர் நூலாக இறங்குவது, அல்லது அடைத்துக்கொள்வது — இவை காத்திருக்கக்கூடாத அறிகுறிகள்.

உடம்பைச் சரிசெய்வது ஒரு பக்கம் என்றால், ஊர் செய்யவேண்டியது இன்னொரு பக்கம். பெண்களின் நாப்கினுக்கு 2018 ஜூலையில் ஜி.எஸ்.டி. முழுதும் நீங்கியது. பெரியவர்களின் டயாப்பருக்கு 12 சதவிகித வரி தொடர்ந்து, 2025 செப்டம்பரில்தான் 5 ஆக இறங்கியது. பென்ஷனை நம்பி தினம் மூன்று நான்கு மாற்றுகிறவருக்கு அதுவும் சுமைதான். ரயில் நிலையத்திலும் ஆபீசிலும் ஆண்கள் கழிப்பறையில் நனைந்த பேடைப் போட ஒரு கூடை இருப்பது அபூர்வம். காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பவேண்டும் என்றால் யார்தான் கிளம்புவார்கள்?

பக்தர்களை வாட்டும் கவலை இன்னும் அந்தரங்கமானது. இந்த நிலையில் பூஜை அறைக்குள் நுழையலாமா, கோயிலுக்குப் போகலாமா என்று தங்களுக்குள்ளேயே மறுகுகிறார்கள். அடக்கமுடியாத கசிவு உள்ளவர் வேளைக்கு ஒருமுறை ஒளு செய்து தொழலாம் என்ற சலுகையை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பரவலாக ஏற்றிருக்கிறார்கள். உடம்பின் இயலாமை பாவமல்ல என்பதை மற்றவர்களும் தங்கள் குருக்களிடம் கேட்டுத் தெளியலாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் மௌனம் கலையவேண்டும். நனைந்த துணியை யாருக்கும் தெரியாமல் அலசிக் காயப்போடும் கணவரும், தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் மனைவியும் ஒரே வீட்டில் இரண்டு தனிமைகளாக வாழ்கிறார்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இருவரும் சேர்ந்து போகட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேட் நனைகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகட்டும். வாயால் சொல்லக் கூசினால் தாளை நீட்டினால் போதும், மிச்சத்தை டாக்டர் கேட்டுக்கொள்வார்.