பெயர்ப் பலகையும் வாரிசுச் சொத்தே

விழுப்புரத்தில் நெடுங்காலம் உணவகம் நடத்திய தந்தை ஒருவர் காலமானார் எனக் கொள்வோம். மூத்த மகன் அக்கடையைத் தொடர்கிறார். இளையவர் திண்டிவனத்தில் அதே பெயரில் மற்றொன்றைத் திறக்கிறார். மகளுக்குக் கட்டடத்தில் பங்கு தரப்படுகிறது. கடைப் பெயரின் மதிப்பை மட்டும் எவரும் கணக்கிடுவதில்லை. எனினும், இரு ஊர்களிலும் வாடிக்கையாளரை அழைத்து வருவது அப்பெயரே அன்றோ?

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகப் பெயர், வணிகக் குறி, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியன உரியவர்க்கே சொந்தமான, பண மதிப்புள்ள உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறல் கூடாது என்றும் தீர்மானித்தது. பண மதிப்புடையதாயின், பாகப்பிரிவினையிலும் அது இடம்பெற வேண்டும் என்பதே நம் துணிபு. அதை ஒதுக்கிவைத்தால் குறைவது மகளின் பங்கே.

நாட்டுச் சட்டமும் இதற்கு மாறானதன்று. 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி, பதிவு பெற்ற குறி 10 ஆண்டுகள் செல்லும். மீண்டும் மீண்டும் புதுப்பிக்கலாம். பதிவு பெறாத பெயரும் நன்மதிப்பை ஈட்டியிருப்பின், தம் சரக்கை அப்பெயருக்குரியவரின் சரக்கெனக் காட்டி விற்போர்மீது வழக்குத் தொடுக்கலாம். அவ்வழக்கை மாவட்ட நீதிமன்றத்திற்குக் கீழான நீதிமன்றம் விசாரிக்க இயலாது. குறி வாரிசுகளைச் சேரும். ஆயின் நாட்டின் ஒரு பகுதியில் ஒருவருக்கும் மறு பகுதியில் வேறொருவருக்கும் தனியுரிமையாகப் பிரிவதைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஒரே பெயர் இருவர் சரக்கைக் குறித்தால் மக்கள் ஏமாறுவர் என்பதே காரணம்.

தந்தை நூலெழுதியிருந்தால் நிலை சற்று வேறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவுடன் உரிமை பிறந்துவிடுகிறது, பதிவு கட்டாயமன்று. ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் அது வாரிசுகளிடம் நிலைக்கும். பின்னர் பொதுச் சொத்தாகும். கருத்துக்குக் காப்பில்லை, அதைச் சொன்ன வடிவத்திற்கே காப்பு.

ஆகவே, கடையைப் பங்கிடுவோர் பெயருக்கும் விலை மதித்து, அதை ஒருவர் ஏற்று மற்றவர்க்கு ஈடு தருவதா, அனைவரும் கூட்டாக உடைமை கொண்டு கடை நடத்துவோருக்குப் பயன்பாட்டு உரிமம் வழங்குவதா என்பதை எழுத்தில் வரைந்துகொள்வது நலம். தந்தை ஈட்டிய நற்பெயர் மக்களை நீதிமன்றத்தில் எதிரெதிரே நிறுத்தலாகாது.