முட்டுக்காட்டில் ஒரு நெசவாளர் வீடு

சென்ற மாதம் நம் சங்கத்து அங்கத்தினர் சிலருடன் செங்கற்பட்டு மாவட்டத்து முட்டுக்காட்டிற்குச் சென்றிருந்தோம். மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், காயலுக்கு அணித்தாக, ஏறத்தாழ பத்து ஏக்கர் நிலத்தில் அமைந்துள்ளது தட்சிணசித்திரா என்னும் காட்சிசாலை. 1984இல் தோன்றிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பு இதனை 1996 டிசம்பரில் திறந்தது. கேரளத்தில் குடியேறி எளிய வீடுகள் கட்டிப் புகழ்பெற்ற லாரி பேக்கர் இதன் அமைப்பிற்கு வழிகாட்டினார்.

கண்ணாடிப் பேழைகளைப் பார்த்துச் செல்லும் இடம் என்று எண்ணியே யாம் போயிருந்தோம். அங்கே காட்சிப் பொருள்கள் வீடுகளேயாகும்! தென்னாட்டு ஊர்களில் இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, மரம் மரமாகப் பிரித்து, ஏற்றி வந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு உண்டு. தஞ்சை உழவர் வீடு உண்டு. புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடும் உண்டு. செட்டிநாட்டு வீட்டின் தூண்களைக் கண்டு வியப்போர் பலர். நம்மவர் கால்கள் காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டுத் திண்ணையில்தான் நின்றன.

நெசவாளர் வீட்டைத் தறியே வகுக்கிறது என்பதைப் பயிர்த்தொழில் செய்யும் நம் அங்கத்தினர் அறிய வேண்டும். தறி நீளத்திற்கே கூடம். மிதிபலகைக்காகத் தரையில் குழி. மண்ணின் ஈரம் பாவு இழை வறண்டு அறுபடாமல் காக்கும். கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் ஓடும். உடன் அமர்ந்து வாங்கிக் கொடுக்க ஒரு துணையாள் வேண்டும். சிமெண்டுத் தளமிட்ட புது வீட்டில் இவற்றிற்கெல்லாம் இடம் ஏது? வீட்டை இடித்துக் கட்டுவோர் பலர் தறியையும் சேர்த்தே விடுகின்றனர்.

கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடும் அங்குண்டு. இல்கல் சேலையில் உடலின் பாவோடு முந்தானைப் பட்டுப் பாவை வளையம் வளையமாகப் பிணைப்பார்கள். காஞ்சியிலும் முந்தானைக்கு வேறு நிறப் பாவைப் பிணைக்கும் முறை உண்டு. மொழி வேறாயினும் சிக்கல் ஒன்றே என்று நம்மவர் மகிழ்ந்தனர்.

இக்கடற்கரைக்கு நெசவு புதிதன்று. மாமல்லபுரத்திற்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சு வணிகர் தளம் அமைத்தனர். இப்பகுதியின் மெல்லிய மஸ்லின் துணி அவர்களை ஈர்த்தது. கோட்டையின் இடிபாடும், பெயர் பொறித்த அவர்தம் கல்லறைக் கற்களும் இன்றும் உள்ளன. அத்துணியை நெய்தவர் எவ்வீட்டில் இருந்து நெய்தனர் என்று காட்டத்தான் அங்கு ஒன்றுமில்லை. முட்டுக்காட்டு வீட்டின் அருமை எமக்கு அப்போதுதான் விளங்கிற்று.

ஒரு குறையும் தோன்றாமலில்லை. காட்சிசாலை வீட்டில் அடுப்புப் புகை இல்லை. தெருவில் பாவு நீட்டும் காலை ஆரவாரம் இல்லை. அதைப் பெயர்த்துக் கொணர எவராலும் இயலாது. செல்ல விரும்புவோர் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறவாதிருக்க!

எம்முடன் வந்த முதிய நெசவாளர் ஒருவர் அந்தக் கூடத்தை விட்டு நெடுநேரம் அகலவில்லை. திரும்பும் வழியில், தை பிறந்ததும் தம் வீட்டை இடித்து மாடி கட்ட மகன் முனைந்திருப்பதாகக் கூறினார். "மாடி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஐயா. தறிக்குழி இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கட்டச் சொல்வேன்" என்றார்.