ஐந்தாம் எண்ணில் மட்டும் அடிக்கும் காற்று

கனடாவின் மனிடோபா, சஸ்காச்சுவான் மாகாணங்களிலும் எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலும் ஜனவரிக் காலைகளில் வெப்பமானி மைனஸ் 30 டிகிரியைத் தொடுவது செய்தியே அல்ல. ராத்திரி முழுக்க வாசலில் நிற்கப்போகும் பிக்கப் டிரக்கின் எஞ்சினைச் சூடாக வைத்திருக்க, அதனுள் பொருத்திய சிறு மின்சார ஹீட்டரின் ஒயரை வீட்டு ப்ளக்கில் செருகிவிட்டுத்தான் படுக்கப் போவார்கள். அதனால் விடிந்ததும் வண்டி கிளம்பிவிடும். கிளம்பிய பிறகுதான் தெரியும், கேபினுக்குள் காற்று வரவில்லை என்பது. ஃபேன் குமிழை ஒன்றில் வைத்தால் மூச்சில்லை. இரண்டு, மூன்று, நான்கு என்று திருகினாலும் அதே கதைதான். ஐந்தில் வைத்தால் மட்டும் புயல்.

மெக்கானிக்குகளுக்கு இது பிடித்தமான புகார். ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்பே குமிழ் பாதி நோயைச் சொல்லிவிடுகிறது.

குளிரைச் சகித்துக்கொண்டு, கையுறையோடு ஓட்டிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் காற்று நின்றால் முதலில் போவது பார்வை. உள்ளே இருப்பவர்களின் மூச்சிலுள்ள ஈரம் முன்கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, அங்கேயே பனியாக உறைந்துவிடும். அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதிகளில் 103-ஆம் எண் விதி முழுக்க முழுக்க இதைப் பற்றியதுதான்: முன்கண்ணாடியின் பனியையும் மூட்டத்தையும் அகற்றும் ஏற்பாடு வண்டியில் இருந்தாக வேண்டும். (கண்ணாடி மூடிக்கொள்கிறதே என்று பதறுபவர்கள் உள்காற்றையே சுற்றவிடும் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. பல நேரம் பழுது அவ்வளவுதான்.)

காற்றே வரவில்லையா, அல்லது காற்று வந்து சூடுதான் இல்லையா? இந்த இரண்டையும் முதலில் பிரித்தாக வேண்டும். சூடு எஞ்சினிலிருந்து வருகிறது. ஏறக்குறைய 90 டிகிரிக்குச் சூடேறிய கூலன்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் ஓடும். ஃபேன் அதன் வழியே காற்றைத் தள்ளும். காற்று நன்றாக வந்து அது ஜில்லென்று இருந்தால் கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம், சூட்டையும் குளிரையும் கலக்கும் கதவு அசையாமல் நிற்கலாம். அது வேறு வழக்கு. நம் வழக்கு காற்றைப் பற்றியது.

எஞ்சினின் வெந்நீரில் சூடேறிய வெளிக்காற்றை ஃபேன் வைத்து, வடிகட்டி உள்ளே அனுப்பும் முறையை அமெரிக்காவின் நாஷ் நிறுவனம் 1938-இல் தன் கார்களில் கொண்டுவந்தது. டிரக்குகளுக்கு அந்தச் சொகுசு கொஞ்சம் தாமதமாகவே கிடைத்தது. 1947-இல் ஷெவர்லே தன் புதிய டிரக்குகளை ‘மூச்சுவிடும் கேபின்’ என்று விளம்பரம் செய்தது. சுமை தூக்கும் வண்டியிலும் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான் என்பது அப்போதுதான் விற்பனைக்குரிய விஷயமாயிற்று.

குமிழுக்கு வருவோம். ஃபேனைச் சுற்றுவது ப்ளோயர் மோட்டார். பெரும்பாலான பிக்கப்புகளில் பயணி இருக்கைக்கு எதிரே, க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ கீழேயோ இருக்கும். ஐந்தாம் வேகத்தில் பேட்டரியின் முழு வோல்டேஜும் மோட்டாருக்கு நேராகப் போகிறது. மற்ற வேகங்களில் மின்சாரம் ப்ளோயர் ரெசிஸ்டர் என்ற சின்னப் பாகத்தின் வழியாகப் போகிறது. கம்பிச் சுருள்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். ஒன்றாம் எண்ணில் எல்லாச் சுருள்களும் வழியை மறிக்கும். எண் ஏற ஏற ஒவ்வொன்றாக விலகும். ஆகவே ஐந்தில் மட்டும் காற்று வந்தால் ரெசிஸ்டர் போய்விட்டது, மோட்டார் சுற்றும் நிலையில் இருக்கிறது. நேர்மாறாக, ஒன்று முதல் நான்கு வரை வந்து ஐந்தில் வராவிட்டால் உயர்வேகத்துக்கான ரிலே, ஃபியூஸ் பக்கம் போக வேண்டும். எதிலுமே வராவிட்டால் ஃபியூஸ், எர்த், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். சென்னை வெயிலில் ‘ஏசி காத்து கடைசி நம்பர்லதான் வருது’ என்று கொண்டுவரப்படும் கார்களிலும் பெரும்பாலும் இதே ரெசிஸ்டர்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்கும். ஹீட்டருக்கும் ஏசிக்கும் ஃபேன் ஒன்றே.

ஆனால் கூண்டில் நிற்பதெல்லாம் குற்றவாளி அல்ல. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். புது ரெசிஸ்டர் வாங்குவார்கள், இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுவார்கள், எல்லா வேகமும் வந்துவிடும். அடுத்த குளிர்காலத்துக்குள் மறுபடியும் ஐந்து மட்டும். ‘மட்டமான பார்ட்’ என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு மூன்றாவதை வாங்குவார்கள். எரிந்த ரெசிஸ்டரைப் பிணப் பரிசோதனைபோலப் பார்க்க வேண்டும். அதைக் கொன்றது எது என்பதே கேள்வி.

ரெசிஸ்டரின் வேலையே சூடாவதுதான். குறைந்த வேகத்தில் 5 ஆம்பியர் ஓடுகிறது, எட்டு வோல்ட் ரெசிஸ்டரில் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் 40 வாட் வெப்பம் அந்தக் கம்பிகளில் பிறக்கிறது. அதனால்தான் அதைக் காற்றுப் பாதைக்கு நடுவிலேயே செருகிவைக்கிறார்கள். ஃபேன் தள்ளும் காற்றே அதைக் குளிர்விக்கும். சூடு எல்லை மீறினால் அதன் மேலுள்ள வெப்ப ஃபியூஸ் அறுந்து, தீப்பிடிக்காமல் காக்கும். இனி மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் காய்ந்துபோயிற்று என்று எண்ணிப் பாருங்கள். மோட்டார் இறுக்கமாக, மெதுவாகச் சுற்றும். சுழலும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கித்தான் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. வேகம் குறைந்தால் அந்த எதிர் வோல்டேஜும் குறையும், ஆம்பியர் ஏறும். ரெசிஸ்டருக்கு ஒரு பக்கம் கூடுதல் மின்சாரம், மறு பக்கம் குறைவான காற்று. எத்தனை நாள்தான் தாங்கும்?

மோட்டாரின் இந்த மூப்பைக் காதே கண்டுபிடித்துவிடும். காலையில் கிறீச்சிட்டு, வண்டி சூடானதும் அடங்கிவிடும் சத்தம் காய்ந்த புஷ்ஷினுடையது. மோட்டாரை ஸ்க்ரூட்ரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் சுற்ற ஆரம்பிக்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் போட்ட ஒயர் வழியே பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாம். இவற்றையெல்லாம்விட நம்பகமானது கிளாம்ப் மீட்டர். மோட்டார் ஒயரைச் சுற்றி மாட்டி, முழு வேகத்தில் எத்தனை ஆம்பியர் என்று படித்து, அந்த வண்டிக்கான சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். அதிகமாக இழுத்தால் ரெசிஸ்டரோடு மோட்டாரையும் மாற்றுவதே சிக்கனம். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று பெரிய ஃபியூஸ் போடுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. எரிய வேண்டியது ஃபியூஸ். அதற்குப் பதில் ஒயரை எரிய விடுகிறோம்.

இன்னொரு கொலையாளியும் உண்டு: கனெக்டர். 1999 முதல் 2007 வரை வந்த ஷெவர்லே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா வண்டிகளில் ரெசிஸ்டர் கனெக்டர் உருகிப்போவது மிகப் பிரபலமான வியாதி. உள்ளே இருக்கும் தகடு தளர்ந்தாலோ துருவேறினாலோ அந்த இடத்தில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு எதிர்ப்பு உண்டாகும். கேட்கச் சிறிதுதான். ஆனால் 20 ஆம்பியர் ஓடும்போது அதுவே 40 வாட். ரெசிஸ்டர் கம்பி காற்றில் குளிர்ந்துகொண்டே தாங்கும் அதே வெப்பத்தை, காற்றே படாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு தகடு தாங்க வேண்டியிருக்கிறது. கனெக்டர் பழுப்பேறியிருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ இரக்கம் பார்க்காமல் வெட்டிவிட வேண்டும். ஒயரோடு சேர்ந்த புதுக் கனெக்டர் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது. பழைய கருகிய கனெக்டரில் புது ரெசிஸ்டரை மாட்டுவது காசைக் கொளுத்துவது.

கண்ணுக்குத் தெரியாத இழப்பை மல்டிமீட்டர் காட்டும். ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, மோட்டாரின் எர்த் ஒயருக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் நடுவே அளக்க வேண்டும். அங்கே அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் எர்த் இணைப்பைத் தேடிச் சுரண்ட வேண்டியதுதான். கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். சுமை ஏறாத ஒயர் பொய் சொல்லும்.

பண்ணை வண்டிகளில் வேறொரு விருந்தாளியும் வருவதுண்டு. குளிருக்கு ஒதுங்கும் எலிகளுக்கு ஃபேன் சக்கரத்தின் கூண்டு அருமையான வீடு. வைக்கோல், கிழித்த டிஷ்யூ, இருக்கைப் பஞ்சு என்று எல்லாம் அங்கே சேரும். சக்கரம் சமநிலை இழந்து டேஷ்போர்டே அதிரும். டக்டக்கென்று மட்டும் சத்தம் வந்தால் காய்ந்த இலையாக இருக்கலாம். எலிக்கூடு என்று தெரிந்தால் ஊதித் தள்ளவோ துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. வட அமெரிக்காவின் மான் எலி, ஹாண்டா வைரஸைச் சுமப்பது. 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்கில் அது உயிர்களைப் பறித்த பிறகுதான் அந்த நோயை மருத்துவ உலகம் அங்கே அடையாளம் கண்டது. எச்சத்தின் தூசு மூச்சில் போவதே ஆபத்து. கையுறை போட்டு, ப்ளீச் கலந்த நீரைத் தெளித்து ஊறவிட்டு, ஈரமாகவே துடைத்தெடுக்க வேண்டும்.

மோட்டாரை மாற்றும் வேலை சொல்லுமளவுக்கு இல்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்கவும். மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் ஏர்பேகினுடையவை, தொட வேண்டாம். க்ளவ் பாக்ஸை இறக்கினால் மோட்டாரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தெரியும். மோட்டாரைக் குளிர்விக்கும் சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதைத் திரும்ப மாட்ட மறக்கக் கூடாது. ஒயரைத் தானே ஒட்டுபவர்கள் பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிவிட்டால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். சத்தம் வரும், காற்று மட்டும் பேருக்கு வரும்.

தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு உள்ள புதிய பிக்கப்புகளில் இந்தக் குமிழ் ஜோசியம் பலிக்காது. கம்பிச் சுருள்களுக்குப் பதில் மின்சாரத்தை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தை மாற்றும் எலெக்ட்ரானிக் மாட்யூல் அங்கே இருக்கிறது. அது போனால் எல்லா வேகமும் ஒரேயடியாகப் போகலாம், அல்லது வண்டியை அணைத்த பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கலாம். விலையும் பழைய ரெசிஸ்டரைப்போலச் சில்லறைக் காசில் முடிவதில்லை. ஆனால் அதைக் கொல்வதும் அதிக ஆம்பியர் இழுக்கும் மோட்டாரும் தளர்ந்த கனெக்டரும்தான். மாட்யூலை ஆர்டர் செய்யும் முன் கிளாம்ப் மீட்டரை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள்.