எக்கோவில் 40, எம்.ஆர்.ஐ.யில் 34: எது சரி?

கனகம்மாசத்திரம் பகுதியிலிருந்து வரும் இதயத்தசை நோயாளிகளின் குடும்பத்தார், இரண்டு அறிக்கைகளைக் காட்டிக் கலங்குவதுண்டு. எக்கோவில் 40 சதவீதம். சில நாள்களில் சென்னையில் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 34. இதயம் அதற்குள் தளர்ந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை; அளக்கும் முறைதான் வேறு.

இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் பங்கே இந்தச் சதவீதம்.

எக்கோ, ஒலியலைகளால் இதயத்தைக் காட்டுகிறது. கதிர்வீச்சு இல்லை, வால்வுகளும் தெரியும். ஆயினும் ஓரிரு கோணப் படங்களைக் கொண்டே அறையின் கொள்ளளவைக் கணிப்பதால், விடை 5 முதல் 10 புள்ளிகள் வரை மாறலாம்.

எம்.ஆர்.ஐ., அறை முழுவதையும் அடுக்கடுக்காகப் படமெடுத்து அளக்கிறது. ஆகவே துல்லியம் மிகுதி. மருந்து செலுத்தி எடுத்தால் தசையிலுள்ள தழும்பும் தெரியும். பேஸ்மேக்கரோ சிறுநீரக நோயோ இருப்பின் முன்னரே கூறுங்கள்.

அணுக்கதிர்ப் படமான மூகா சீரான எண்ணைத் தரும். சிறிதளவு கதிர்வீச்சு உண்டு, வால்வுகள் தெரியா.

மூன்று மாதங்களேனும் முறையாக மருந்து உட்கொண்ட பின்னரும் அளவு 35 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி பலருக்குத் தேவைப்படலாம். அந்த எல்லையருகே எண் நிற்கும்போதுதான் எம்.ஆர்.ஐ.யைப் பரிந்துரைக்கிறோம்.

எனவே எக்கோவை எக்கோவோடு ஒப்பிடுங்கள். பழைய அறிக்கைகளைத் தவறாது கொண்டுவாருங்கள். எண் உயர்ந்ததென மருந்தை நிறுத்தாதீர்கள். திருத்தணி மலைப்படிகளில் முன்பு நிற்காமல் ஏறியவர் இன்று எத்தனை படிகளில் மூச்சு வாங்குகிறார் என்பதையும் சொல்லுங்கள். அதுவும் எமக்கு ஓர் அளவீடே.