நான்கு பைட் பற்றாக்குறை

அணிக் கணக்குகளுக்கென 1992-இல் வெளிவந்த லாபேக் நிரல் நூலகத்தில் எஸ்எஸ்ஒய்இவிடி என்றொரு துணைநிரல் உண்டு. சமச்சீர் அணியின் ஐகன் மதிப்புகளையும் ஐகன் வெக்டர்களையும் கண்டுதருவது அதன் வேலை. அதற்குத் தற்காலிக நினைவிடம் தேவை: அணி N×N என்றால் 2N²+6N+1 எண்கள், எண்ணுக்கு 4 பைட். எவ்வளவு வேண்டும் என்று முதலில் அதனிடமே கேட்டு, அது சொன்ன அளவை ஒதுக்கிவிட்டு மறுபடி அழைப்பதே வழக்கம்.

பழுது அந்தப் பதிலில் இருந்தது. நிரல் அதை முழு எண்ணாகத் தராமல், 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாகத் தந்தது. அந்த வடிவத்தில் துல்லியத்துக்கு 24 பிட் மட்டுமே. 1,67,77,216-ஐத் தாண்டினால் ஒற்றைப்படை எண் எதுவும் அதில் அடங்காது.

N=2894 வரை சிக்கல் இல்லை; தேவை 1,67,67,837. N=2895-இல் தேவை 1,67,79,421; கிடைத்த பதில் 1,67,79,420. ஓர் எண் குறைவு, அதாவது 4 பைட். பதிலை நம்பி ஒதுக்கியவருக்கு, எட்டாவது உள்ளீடு தவறு என்று −8 குறியோடு வேலை நின்றுவிடும். 6.7 கோடி பைட் ஒதுக்கியும் பயனில்லை.

இது எப்போதாவது நேர்வதும் அல்ல. தேவையை 2N(N+3)+1 என்று எழுதிப் பாருங்கள். N, N+3 இரண்டில் ஒன்று கட்டாயம் இரட்டைப்படை. ஆகவே தேவையை 4-ஆல் வகுத்தால் மீதி எப்போதும் 1. முழுமையாக்கும்போது அந்த 1 கீழ்நோக்கியே விழும். 2895 முதல் 5791 வரை 2,897 அளவுகளில் ஒன்றுகூடத் தப்பாது.

திருத்தம் சிறியது. மாற்றிய எண் தேவையைவிடக் குறைந்தால், அதை (1+2⁻²³)-ஆல் பெருக்கி மேல்நோக்கி ஏற்றுகிறார்கள். 2895-க்கு இப்போது பதில் 1,67,79,422. கூடுதல் செலவு 4 பைட். நூறு கோடி எண்களுக்கு மேல் கேட்கும் இடத்திலும் வீண் 1,020 பைட்டைத் தாண்டாது. அங்கே மொத்த ஒதுக்கீடே 400 கோடி பைட்டுக்கு மேல். இவ்வளவு மலிவான திருத்தத்தை மறுக்கக் காரணமே இல்லை.

ஆனால் அது எல்லாவற்றையும் தீர்க்கவில்லை. N=32,767 ஆனதும் தேவை 214,75,49,181. 32 பிட் முழு எண்ணின் உச்சம் 214,74,83,647. கணக்கிடும்போதே எண் வழிந்துவிடும். மேல்நோக்கி ஏற்றுவதற்குச் சரியான எண்ணே கையில் இருக்காது. அதற்கு 64 பிட் முழு எண் வேண்டும்.

இத்தகைய திருத்தத்தைப் பரிசோதிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 100×100 அணியில் ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். பழைய நிரலும் அதில் தேறிவிடும். அளவு கேட்கும் அழைப்பு அணியைத் தொடுவதே இல்லை, அதற்கு நினைவிடச் செலவும் கிடையாது. 2894, 2895, 5791, 32,766 ஆகிய நான்கையும் கேட்டுப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.