“அம்மா, இந்த மரத்துக்கு வயசு என்ன?”

திருவக்கரைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? புதுச்சேரியிலிருந்து சுமார் 30 கிலோ மீட்டர்தான். வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கப் போகிறவர்கள் அநேகம் பேர். பக்கத்திலுள்ள கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்கிறவர்கள் சொற்பம். பார்வைக்கு அசல் மரம்; கணுவும் நாரோட்டமும் கூடத் தெரிகின்றன. தொட்டுப் பார்த்தாலோ கல்! 1781-ல் சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைக் கண்டு எழுதி வைத்தார். இவற்றின் வயது சுமார் இரண்டு கோடி ஆண்டுகள் என்று புவியியல் நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கு உங்கள் ஒன்பது வயதுப் பெண்ணின் காதில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்கள் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள்.

“அம்மா, உலகத்துக்கே ஆறாயிரம் வருஷம்தானே ஆச்சு? நம்ம புஸ்தகத்திலே அப்படித்தானே போட்டிருக்கு?”

என்ன பதில் சொல்வீர்கள்?

புதுச்சேரியில் பள்ளிக்கூடத்துக்குப் பஞ்சமில்லை. பெத்தி செமினார் 1844-லிருந்து நடக்கிறது. இருந்தாலும், வேத பாடத்தோடு விஞ்ஞானத்தையும் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று நினைக்கும் கிறிஸ்தவப் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் புத்தகம் தேடினால், முதலில் கண்ணில் படுவது அமெரிக்காவில் அச்சான வழவழப்பான புத்தகங்கள்தான். ‘அப்பாலஜியா’ வெளியீடுகளில் ஒரு வருஷம் முழுவதும் தாவரம், இன்னொரு வருஷம் முழுவதும் வானம் என்று ஒரே துறையை நிதானமாகப் படிக்கலாம். ஜே வைல் எழுதிய ‘சயன்ஸ் இன் தி பிகினிங்’ வேதாகமத்தின் ஆறு நாள் சிருஷ்டி வரிசையிலேயே பாடங்களை அமைத்து, பாடத்துக்குப் பாடம் ஒரு சோதனையும் செய்யச் சொல்கிறது. குழந்தைகளுக்கு இவை பிடிக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் வாங்குமுன் அட்டைப் படத்தை விட்டுவிட்டு, பூமியின் வயதைப் பற்றிப் பேசும் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ‘ஆன்சர்ஸ் இன் ஜெனிஸிஸ்’ போன்ற ஸ்தாபனங்கள் ஆறாயிரம் வருஷம் என்றே அடித்துச் சொல்கின்றன. இந்த எண் வேதாகமத்தில் எங்கும் அச்சாகியிருக்கவில்லை. அதிலுள்ள வமிச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்துப் பலர் போட்ட கணக்கு அது. அவர்களில் பிரசித்தமானவர் அயர்லாந்து நாட்டுப் பேராயர் அஷர். கி.மு. 4004-ல் உலகம் உண்டானது என்று 1650-ல் அவர் எழுதினார்.

கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கணக்கைக் கட்டிக்கொண்டு அழவில்லை. மனித உடலின் பரிணாமத்தைப் பற்றி ஆராயத் தடையில்லை என்று 1950-லேயே போப்பாண்டவர் 12-ம் பத்திநாதர் எழுதினார். பரிணாமக் கொள்கை வெறும் யூகத்துக்கு மேற்பட்டது என்று 1996-ல் 2-ம் ஜான் பால் சொன்னார். புராட்டஸ்டண்டு சபையார் எல்லோரும் ஆறாயிரம் வருஷக் கட்சி என்றும் எண்ணிவிடாதீர்கள். பட்டாணிச் செடியை வளர்த்துப் பாரம்பரிய விதிகளைக் கண்ட மெண்டல் ஒரு துறவி. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-லேயே கணக்கிட்டுச் சொன்ன லெமெய்த்தர் ஒரு பாதிரியார். ஜபமாலையையும் விட்டுவிடாமல், கணக்கையும் விட்டுவிடாமல் வாழ்ந்தவர்கள் இவர்கள்.

ஆகையால், விசுவாசத்தை ஒரு எண்ணோடு முடிச்சுப் போடும் புத்தகத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இன்றைக்கு ஒன்பது வயது. பதினான்கு வயது ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். அதற்கு மேல் உயிரியல் எடுத்தால் பரிணாமம் வராமலா போகும்? அன்றைக்கு அந்த முடிச்சு அவிழ்ந்தால், எண்ணோடு விசுவாசமும் சேர்ந்து நழுவிவிடக்கூடும். அந்தப் பயம் பெற்றோருக்கு இருக்கத்தான் வேண்டும்.

இன்னொரு சங்கடம். அமெரிக்கப் புத்தகம் அமெரிக்கக் குழந்தைக்காக எழுதியது. பனிமழையையும் மேப்பிள் மரத்தையும் நம் குழந்தை எங்கே போய்ப் பார்க்கும்? வானம்கூட வேறு! அவர்களுக்கு நம்மைவிட உயரத்தில் நிற்கும் துருவ நட்சத்திரம், நமக்கு அடிவானத்துக்குச் சற்று மேலேதான். அவர்களில் பெரும்பாலோர் காணவே முடியாத ‘ஆல்பா செண்டாரி’யோ நமக்குத் தெரிகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அந்த நட்சத்திரம் இரண்டு என்று கண்டுபிடிக்கப்பட்டது எங்கே தெரியுமா? நம் புதுச்சேரியில்! 1689 டிசம்பரில் ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற ஏசு சபைப் பாதிரியார், தம் தொலைநோக்கியில் அதைக் கண்டார். கிறிஸ்தவ விஞ்ஞானப் பாடம் வேண்டும் என்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முதல் பாடம் ஏது? மே, ஜூன் மாத இரவுகளில் கடற்கரையில் நின்று தெற்கே தாழ்வாகப் பாருங்கள்.

மேல்நாட்டுப் புத்தகத்தை வாங்கினாலும் அதைப் பாதியாக வைத்துக்கொண்டு, மறுபாதியை ஊரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 1826-ல் ஏற்பட்ட தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஊசுட்டேரிப் பறவைகள் இருக்கின்றன. தமிழ்நாடு, புதுச்சேரி அறிவியல் இயக்கங்கள் 1987-ல் தொடங்கிய ‘துளிர்’ மாத இதழ் தமிழிலேயே சோதனைகளைச் சொல்லித் தருகிறது.

முக்கியமாக, தாயும் தகப்பனாரும் ஒரு மாலை உட்கார்ந்து, கல்மரத்தின் வயது என்ன என்று தங்களுக்குள் பேசி முடித்துவிடுங்கள். புத்தகம் பிறகு வாங்கலாம். குழந்தையிடம், “இரண்டு கோடி என்கிறார்கள், எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று சேர்ந்தே படிப்போம், வா” என்று சொன்னால் போதும்.

திருவக்கரைக்குப் போகும்போது குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். கல்மரம் நிழல் தராது!